கஞ்சி போட்ட ஆயில்

பட்டுப்புடவையை நான் கண்ணால் வாங்குவதில்லை, கையால்தான் வாங்குகிறேன். மடித்த புடவையை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தால் போதும், பட்டு எவ்வளவு, சரிகை எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் எங்கள் கடைக்கு நெசவாளிகள் சரக்கு கொண்டுவந்தால், என் கணவர் டிசைன் பார்ப்பார், நான் கனம் பார்ப்பேன். இருபத்தைந்து வருஷமாக என் கை பொய் சொன்னதில்லை. அந்தத் திமிரோடுதான் போன வருஷம் என் காருக்கு ஆயில் வாங்கப் போனேன்.

கார் என்றால் சும்மா கார் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான், உருவத்திலும் சின்னதுதான். ஆனால் உள்ளே இருப்பது, காற்றை அழுத்தித் தள்ளி வேகம் கூட்டுகிற டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின். ஆக்ஸிலரேட்டரில் காலை அழுத்தினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். நானும் என் நாத்தனாரும் சேர்ந்து வாங்கினோம். கடையில் புடவை பிரித்துக் காட்டுவது அவள் வேலை. என்னைவிட ஆறு வயது சின்னவள், வண்டிப் பைத்தியத்தில் என்னைவிடப் பெரியவள்.

"ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்" என்று என் கணவர் சிரித்தார். கடையை ஒட்டிய எங்கள் வீட்டு ஷெட்டில் இடம் கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார். அங்கே அவருடைய காலி அட்டைப்பெட்டிகள் கூரைவரை இருந்தன. கார் தெருவில் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திக்கொண்டு நின்றது. காக்கா எச்சத்தைத் தினமும் நான்தான் துடைத்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ரேஸ் ட்ராக் இருக்கிறது. சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடுகிறார்கள் என்பதைப் போனில் பார்த்த நாத்தனார், கடை என்றும் பாராமல் "அண்ணீ!" என்று கத்தினாள். முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் கையிலிருந்த புடவையைக் கீழே போட்டுவிட்டார். அன்றைக்கே எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டோம்.

கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "போய்ட்டு வாங்க. ஆனா வண்டி தானா ஓடி வீடு வந்து சேரணும். கயித்துல கட்டி இழுத்துக்கினு வந்தீங்கன்னா மறுநாளே வித்துடுவேன்."

இருவரும் ஒரே மூச்சில் "சரி" என்றோம். அந்தக் காரை விற்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வயதில் ஒரு பொருள்மேல் இப்படி ஆசை வைப்பேன் என்று நானே நினைத்ததில்லை.

அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, எஞ்சின் ஆயிலை மாற்ற, செவிலிமேட்டில் மெக்கானிக் பாயின் பட்டறைக்குப் போனோம். பட்டறையின் முன்பக்கம் அவரே ஆயில் கடையும் வைத்திருக்கிறார். அலமாரி நிறைய தங்க நிறம், நீலம், சிவப்பு என்று டின்கள். எங்கள் கடைக்கு முதல்முறையாக வருகிற கல்யாணப் பெண்கள் எப்படி விழிப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும் போல் இருந்தது.

பாய் யோசிக்கவே இல்லை. ஒரு டின்னை எடுத்து மேஜைமேல் வைத்தார். "5W-40, ஃபுல் சிந்தெட்டிக். உங்க வண்டி புக்குல இதான் போட்டிருக்குது. முதல் நம்பர், ஆறிப்போன எஞ்சின்ல எவ்ளோ சீக்கிரம் ஓடும்னு. சின்ன நம்பரா இருந்தா சீக்கிரம் ஓடும். ரெண்டாவது, சூடான பிறகு எவ்ளோ கெட்டியா நிக்கும்னு."

திறந்திருந்த இன்னொரு டின்னிலிருந்து அதே ஆயிலை ஒரு சொட்டு தொட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

"இன்னா பாய், தண்ணி மாதிரி இருக்குது?"

பக்கத்திலிருந்த 20W-50 ஆயிலையும் தொட்டுப் பார்த்தேன். விரலில் நின்றது. நாத்தனாரிடம் நீட்டினேன். அவளும் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். ஆயிலோடு கலந்து ஊற்றுகிற ஏதோ மருந்து, ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள். கவிழ்த்தால் தேன்போல மெதுவாக நகர்ந்தது. எங்கள் இருவருக்கும் பரம திருப்தி.

"அக்கா, இந்த இருபது-ஐம்பது தேஞ்சுபோன பழைய எஞ்சினுக்கு ஊத்துறது" என்றார் பாய். "அந்த பாட்டிலும் வேணாம். நல்ல ஆயில்ல தேவையானதெல்லாம் அளவா கலந்துதான் வருது."

"கனம் பாத்து வாங்குறதுதான் பாய் எங்க தொழிலே."

அவர் தாடியைச் சொறிந்தார். "உங்க வண்டி, உங்க இஷ்டம். ஊத்தித் தரேன். நாளைக்குக் காலைல ஸ்டார்ட் பண்றப்ப சிவப்பு விளக்கு எத்தினி நேரம் எரியுதுன்னு மட்டும் பாருங்க. இந்த டின்னை உங்க பேர்ல எடுத்து வெக்கிறேன்." அந்த 'எடுத்து வெக்கிறேன்' எனக்குச் சுருக்கென்றது. ஊற்றி முடித்ததும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏனாத்தூர்வரை ஓட்டிப் பார்த்தோம். வண்டி கொஞ்சம் மந்தமாகத்தான் இழுத்தது. "மெத்துன்னு போவுது அண்ணி" என்றாள் நாத்தனார். நானும் மெத்தென்றுதான் போகிறது என்று நம்பினேன்.

சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சினுக்குள் ஆயில் ஏறியதும் அணைகிற விளக்கு அது, வழக்கமாக உடனே அணைந்துவிடும். அன்று அணையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பானெட்டுக்குள் யாரோ கரண்டியால் டம்ளரைத் தட்டுவது போல டிக் டிக் என்று சத்தம். பதறி அடித்து எஞ்சினை நிறுத்தினேன். கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார். கையில் ஸ்பேனர் இருந்திருந்தால் வீசியிருப்பேன்.

ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினேன். நுனியிலிருந்து ஆயில் சொட்டாமல் நூலாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் பொறி தட்டியது.

"அடியே, இது கஞ்சிடி!" என்று பக்கத்தில் நின்ற நாத்தனாரிடம் கத்தினேன்.

எங்கள் தொழிலில் ஒரு திருட்டு உண்டு. மட்டமான புடவைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக் கனம் காட்டுவார்கள். பழகாத கை தூக்கிப் பார்த்தால் ஏமாந்துவிடும். ஒருமுறை தண்ணீரில் போட்டால் புடவை துவண்டு சாயம் வெளுத்துவிடும். அப்படிப்பட்ட புடவைகளை முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியவள் நான். அவ்வளவு கெட்டிக்காரி, என் எஞ்சினுக்கு நானே கஞ்சி போட்டிருக்கிறேன்! டர்போ பொறி பறக்கச் சுழல்கிறது, ஆயில் அங்கே ஓடிப்போய்ச் சேரவேண்டாமா? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. கோவில் தங்கப் பல்லிக்குப் பேர்போன ஊரில் வாழ்ந்துகொண்டு இதை மறந்திருக்கிறேன்.

பாய்க்குப் போன் போட்டேன். கால்மணி நேரத்தில் பைக்கில் வந்தார். எடுத்து வைத்த டின், புது ஃபில்டர், அடியில் வைக்கிற தட்டு எல்லாம் கொண்டுவந்திருந்தார். காருக்கடியில் படுத்து முழு ஆயிலையும் வடித்தார். புதிய ஆயில் கொஞ்சம் ஊற்றி, சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்தார். கஞ்சிக் கதையை நானே சொன்னேன்.

"மொதல்லியே சொல்லியிருந்தா நானும் அப்பிடியே உங்களுக்குப் புரியவெச்சிருப்பனே அக்கா" என்று படுத்தபடியே சிரித்தார். கோபப்பட எனக்கு முகம் இல்லை. 5W-40 ஆயிலை நானே ஊற்றினேன், கம்பியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும்வரை. பாட்டில் மருந்து குப்பைக்குப் போனது.

சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது தெரிவதற்குள் அணைந்துவிட்டது. டிக் டிக் இல்லை. நாத்தனார் நடுத்தெருவில் குதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமையை எப்படிச் சொல்வது! ஹெல்மெட் போட்டதும் என் மூச்சே எனக்குக் கேட்டது. கொடி இறங்கியது, மிதித்தேன். நேர்ப்பாதையில் டர்போ விசிலடித்தது. வளைவில் டயர் கீச்சிட, நான் அதைவிட அதிகமாகக் கத்தினேன். நாத்தனார் ஓட்டும்போது சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் பாய் சொன்னபடி இரண்டு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, டர்போ ஆறிய பிறகே நிறுத்தினோம். நான்கு முறை ட்ராக்கில் இறங்கினோம். சிவப்பு விளக்கு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழி முழுக்க எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தோம். எங்கள் தெரு முனையில் திரும்பியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் மலையாகக் கிடந்தன. கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, "வண்டிய உள்ள விடு" என்றார். நடுவில் ஒரு பெட்டியைப் பிரித்து விரித்திருந்தார். "ஆயில் ஒழுவினா தரை பாழாயிடும்ல, அதான்."

"நாங்க வர்றதுக்கு முன்னாலயே காலி பண்ணிட்டீங்களே? இழுத்துக்கினு வந்திருந்தா?"

"இழுத்துக்கினு வந்தாலும் எங்கயாச்சும் நிறுத்தித்தானே ஆவணும்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பெருக்கினார்.

மறுநாள் காலை, பல்கூட விளக்காமல் ஷெட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். அட்டையில் ஒரு சொட்டு இல்லை. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து, விரலால் தடவி, பட்டறையில் நான் செய்ததைப்போலவே கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.