சரிவில் கட்டிய வேப்பிலை

எழுத எனக்குத் தகுதி உண்டா என்று யோசித்தே பல நாள் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன் புத்தகத்தில் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்ச் சரிவில் மரம் வெட்டிய பிறகு நடந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் இருக்கிறது. ஊருக்கு மேலே ஒரு பொதுச் சரிவு. வேங்கை, கருமருது, கடுக்காய், நெல்லி எல்லாம் கலந்து நிற்கும். கோயிலுக்கு மண்டபம் கட்டுவதற்காக, அனுமதி வாங்கி, முற்றிய மரங்களில் ஒன்றை வெட்டி ஒன்றை விட்டோம். விட்ட மரங்களின் விதை விழுந்து, இடைவெளியில் புதுக் கன்றுகள் வரும் என்று நம்பினோம்.

வெட்டி முடித்ததும் ஊர்க்கவுண்டர் சரிவுக்குக் கட்டுக் கட்டினார். ஊரில் எதற்கும் முடிவு சொல்கிறவர் அவர். பாதை தொடங்கும் இடத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, அதில் வேப்பிலையும் மஞ்சள் துணியும் முடிந்து, சாமி பேரில் விட்டுவிடுவதுதான் கட்டு. அதன் பிறகு ஆடு, கத்தி, மனிதக் கால் எதுவும் உள்ளே போகக்கூடாது. கன்றுகள் ஆள் உயரம் வந்தால்தான் கட்டு அவிழும். ஆடி மாதம்தோறும் காய்ந்ததை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்.

அண்ணன் இறந்தபோது அண்ணிக்கென்று நிலம் இல்லை. அந்தச் சரிவில் கடுக்காய் பொறுக்கும் உரிமையை ஊர் அவளுக்குக் கொடுத்திருந்தது. பொறுக்கிக் காயவைத்து, மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் விற்றுவிட்டு வருவாள். கட்டு விழுந்ததும் அதுவும் நின்றது. "கன்னு வரட்டும் தம்பி, அப்புறம் காலத்துக்கும் நமக்குத்தானே" என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் சாமைக் கொல்லைகளில் களையெடுக்கப் போனாள்.

முதல் மழைக்கே கன்றுகள் வந்தன. கயிற்றுக்கு வெளியே இருக்கும் பாறையில் ஏறினால் தெரியும். வேங்கையின் அடிக்கட்டையில் துளிர் கிளம்பியிருந்தது. விட்ட மரங்களின் அரை நிழலில் கடுக்காய்க் கன்றுகள் நின்றன. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அண்ணி அந்தப் பாறையில் ஏறாமல் இருக்க மாட்டாள்.

அடுத்த மழையில் உண்ணிச்செடி வந்தது. மரம் போன இடத்தில் வெயில் விழுந்ததும் அது பாய் விரித்த மாதிரி பரவி, பிறகு மேலே எழுந்துவிட்டது. ஆடும் அதைத் தின்னாது. கத்தி வைத்தால்தான் போகும். கத்திக்கோ கட்டு இருந்தது.

ஒருநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கமே குந்திக்கொண்டு, நீளக் குச்சியால் புதரை விலக்கிக் காட்டினாள். உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு கடுக்காய்க் கன்று. வெளுத்துப்போய், வெளிச்சத்தைத் தேடி வளைந்திருந்தது.

"இத்த பாரு தம்பி. இது எப்ப ஆள் உயரம் வர்றது, எப்ப கட்டு அவுக்கிறது?"



அந்த ஆடியில் கட்டு மாற்றுவதற்கு முந்தின நாள் ஊர் கூடியது. அண்ணிதான் எழுந்தாள்.

"கவுண்டரே, ஒரு நாளைக்கு மட்டும் அவுத்து வுடுங்க. புதர வெட்டிட்டு வந்துர்றோம்."

"ஆள் உயரம்னு சாமிக்கு வாக்குக் குடுத்துட்டு மொழங்கால்லயே அவுத்தா இன்னாம்மா அர்த்தம்?"

"உண்ணி ஆள் உயரம் வந்துடுச்சே, அத்த கணக்குல வெச்சிக்குங்க."

சிலர் சிரித்தார்கள். கவுண்டர் சிரிக்கவில்லை.

"சிரிக்கிற வெசயமா இது? நாளைக்கு ஒரு வூட்டுல புள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? நீ சொல்றியா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். அவர் பயந்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்த எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் கன்றுகள் செத்துவிட்டால் அண்ணி சாகும்வரை அந்தக் கட்டு அவிழாது. அது மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு வேப்பிலை மாத்துவீங்க இல்லீங்களா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அட, ஊமை பேசுதுடா" என்றான் பின்னால் ஒருவன்.

"மாத்துவேன். அதுக்கு இன்னா இப்ப?" என்றார் கவுண்டர்.

"பழச அவுத்துட்டுத்தானே புதுசக் கட்டுவீங்க. அந்த நேரத்துல கட்டு இல்லீங்களே."

 கவுண்டர் சரிவைத் திரும்பிப் பார்த்தார்.

"காலைல அவுக்கிறேன். கயிறு புதுசாத் திரிக்கணும். எனக்குக் கை நடுங்குது, பொழுது சாய்ஞ்சிரும்" என்றார். பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "கத்தியத் தீட்டி வெச்சிக்கம்மா. கன்னு மேல பட்டுச்சின்னா உன்னத்தான் கேப்பேன்."

மறுநாள் காலையில் கவுண்டர் பழைய கட்டை அவிழ்த்தார். வீட்டுக்கு ஒருவர் வந்து புதர் வெட்டினோம். கீழ்ப்பாதி முடிந்தது, மேல்பாதி அடுத்த ஆடிக்கு என்று நின்றது. உயிரோடு இருந்த கன்றுகளைச் சுற்றி அண்ணி கல் வைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் கவுண்டர் புதுக் கட்டுக் கட்டினார்.