ஃபாண்ட் இல்லாத இரண்டு வருடம்

அப்பா இறந்த ஒன்பதாம் நாள், பதினாறாம் நாள் காரியத்துக்கு நோட்டீஸ் அடிக்க அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். பழைய நோட்டீஸ் ஒன்றில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் போதும். திறந்த கோப்பில் தமிழே இல்லை. முதல் வரியில் 'கண்ணீர் அஞ்சலி' இருக்க வேண்டிய இடத்தில்: fz;zPu; mQ;ryp. அடுத்த கோப்பும் அப்படியே. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எல்லாமே அப்படித்தான்.

அப்பா பெயர் சுயம்பு. மும்பை தாராவியில், தொண்ணூறடி ரோட்டில் சின்னக் கடை. முப்பது வருடம் தமிழ் டைப் அடித்தார். இரண்டு வருடத்துக்கு முன், கடையில் இருந்த திருட்டு விண்டோஸ் தினம் மூன்று முறை நின்றுபோனது. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் போட்டேன்.

"ஏட்டி, எல்லாம் வேற மாதிரில்லா இருக்கு."

"பழகிரும்ப்பா."

கோப்புகளை எல்லாம் பத்திரமாக ஏற்றினேன். அவருடைய பழைய தமிழ் ஃபாண்டை ஏற்ற மறந்துவிட்டேன். அது ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிற ஃபாண்ட். அது இல்லையென்றால் அடியில் இருக்கும் ஆங்கிலம்தான் தெரியும். ஏற்றுவது இரண்டு நிமிட வேலை.

ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகும் அவர் அடித்த கோப்புகள் நூற்றுக்கு மேல் இருந்தன. எப்படி அடித்தார்?

மாட்டுங்காவில் அச்சகம் வைத்திருக்கும் முகம்மது ஹனீபுக்கு போன் செய்தேன். அப்பா பென்டிரைவோடு போவது அவரிடம்தான்.

"என் மெஷின்ல அந்த ஃபாண்ட் இருக்கும்மா. தொறந்தா சுத்தமான தமிழு. ஒரு எழுத்து தப்பிருக்காது."

"அவருக்கு ஸ்கிரீன்ல தமிழே தெரிஞ்சிருக்காதேண்ணே."

"அரே, அது எனக்கும் தெரியும். 'அண்ணாச்சி, மகட்ட சொல்லுங்க, சரி பண்ணிரும்'னேன். 'புது சிஸ்டம்னா அப்படித்தாம்டே இருக்கும். அவ படிச்சவ, காரணம் இல்லாம வைப்பாளா?'ன்னாரு."

கோபத்தில் சொன்னாரா, கேலியா, நிஜமாகவே நம்பினாரா? ஹனீபுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"என்ட்ட ஒண்ணும் சொல்லல. சாப்புடும்போதும் வெரலு அது பாட்டுக்கு ஒவ்வொண்ணாத் தொடைல தட்டிக்கிட்டே கெடக்கும். நரம்புத் தளர்ச்சின்னு டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போனேன். மாத்திரை குடுத்தாவ. அதையும் முழுங்குனாரு மனுசன்."

ஃபாண்டை இப்போதாவது ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. அவருக்கு எவ்வளவு கஷ்டம் கொடுத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அச்சான பழைய நோட்டீஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தேதிகளை மாற்றி, இறந்தவர் பெயர் இருந்த இடத்தில் அப்பா பெயரை அடித்தேன். RakG. நாற்பது நிமிடம் ஆனது. ஹனீபுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். "எம்மா, 'சுயமபு'ன்னு வந்திருக்கு. புள்ளி விட்டுப்போச்சு. நானே போட்டுரட்டா?"

வார்த்தைகளுக்கு நடுவே கிடந்த அரைப்புள்ளிகள்தான் மெய்யெழுத்தின் புள்ளி; நான் அவற்றைக் குப்பை என்று நினைத்துவிட்டிருந்தேன்.

"வேண்டாம்ண்ணே. நான் போடுறேன்."

போட்டேன். சரியாக வந்துவிட்டதா என்று திரையைப் பார்த்தேன். Rak;G. தெரியவில்லை.