மழையில் நனையும் சேவல்

பள்ளி அலமாரியைத் திறந்ததும் ஈரக் காகித வாடை! அடடா, சிறுவயதில் நான் படித்த அந்தக் கோழிப் புத்தகமேதான்! காஜா பெராங் ஊரில் நான் படித்த பள்ளிக்கே இன்று ஆசிரியனாக வந்திருக்கிறேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய வருடம் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கடைசிப் படத்தில், கொட்டும் மழையில் தாய்க்கோழி குஞ்சுகளைச் சிறகால் மூடியிருக்கும். அம்மா பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஓட்டிவிட்டு நனைந்து வந்த அப்பாவுக்கோ கோபம்.

“அப்பன் சேவல் எங்கடா?”

“கோப்பிக் கடையில உக்காந்திருக்கும்லா,” என்று சிரித்தார் அம்மா.

அப்பா என் பென்சிலைப் பிடுங்கி, மழைக்குள் ஒரு சேவலை வரைந்தார், அலகில் புழுவோடு!

“ஐயோ, பள்ளிக்கூடத்துப் புக்குப்பா! வாத்தியார் தோலை உரிச்சிருவாரு!”

மறுநாள் புத்தகத்தை வாத்தியாரிடம் நீட்டினேன். வாத்தியார் நெடுநேரம் பார்த்தார். பிரம்பை எடுக்கவில்லை, ரப்பரையும் எடுக்கவில்லை. படத்தை வகுப்புக்கே உயர்த்திக் காட்டினார்.

இப்போது என் வகுப்பில் அவசரமாகக் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறேன். சேவல் இருக்கிறது! பிள்ளைகளுக்கு உயர்த்திக் காட்டுகிறேன்.

“சார், இந்தச் சேவல் மட்டும் ஏன் தனியா நனையுது?” என்றாள் ஒருத்தி.

நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசைப் பையன் கத்தினான்: “வேலை முடிஞ்சு வீட்டுக்கு வருதுலா!”