கிதார்க்காரர் கேட்ட இரைச்சல்

தம்பானூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாடப் போனபோதுதான் அந்தக் கிதார்க்காரரைப் பார்த்தேன். நாகர்கோவில் பக்கத்து ஆள். ஒடிசலான உடம்பு, முழங்கை வரை சுருட்டிய சட்டை. ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஆம்ப்ளிஃபயர் முன்னால் குனிவார், எழுவார், மறுபடி குனிவார்.

"ஸ்ஸ்ஸுன்னு இரைச்சல் வருது மக்ளே" என்றார்.

ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைக் குறைத்தார். ட்ரெபிளைக் குறைத்தார். வயரை மாற்றினார். எனக்குக் கேட்ட இரைச்சல் அடங்கிவிட்டது, அவருக்கு அடங்கவில்லை. அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து இறங்கிவிட்டார்கள். "தொடங்கலாமில்லே?" என்று பெண்வீட்டுக்காரர் ஒருவர் கீழேயிருந்து கத்தினார். கிதார்க்காரர் பிளக்கையே பிடுங்கினார்.

"இப்பம் கேக்குதா?"

"ஆம்பே ஓடலியே அண்ணாச்சி. ஒண்ணும் கேக்கல."

பிளக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "எனக்குக் கேக்குது. அப்பம் இது என் காதுலதான். ஆருட்டயும் சொல்லாண்டாம், கேட்டோ. வேற ஆள வச்சிருவானுவ."

கச்சேரியில் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அவர் என்னைப் பார்த்தார். இரைச்சல் இல்லையென்று நான் தலையசைத்தேன். அதன் பிறகே அவர் கண்கள் என்னை விட்டன.

நடுவில் ஒரு வேகமான பாட்டுக்காகக் கெயினை ஏற்றினார். பாட்டு முடிந்ததும் ஆம்ப்ளிஃபயர் நிஜமாகவே இரைந்தது. அவர் பயத்தோடு என்னைப் பார்த்தார். நான் ஆமென்று தலையாட்டினேன்.

"இருக்கில்லா?" என்றவர் முகமெல்லாம் சிரிப்பாகக் குனிந்து குமிழைத் திருகினார். இரைச்சல் கேட்டதற்காக அப்படி மகிழ்ந்த ஒருவரை அதற்குப் பிறகு நான் சந்திக்கவில்லை.