ஆறு இல்லாத நேரம்

ஜவ்வாது மலையில் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றைப் பற்றி எழுதப் போயிருந்தேன். இருபது வீடுகள், ஒரு கோயில். ஆனால் மனத்தில் தங்கியது அங்கிருந்து என்னை ஏற்றி வந்த ஜீப் ஓட்டுநர்தான். குச்சி உடம்பு, அதில் முக்கால்வாசி மீசை.

ஆற்றுக்குள் இறங்கும் முன் அவர் ஜீப்பை நிறுத்தினார். புளி மூட்டையோடு வந்த பெண்கள் உட்பட எல்லோரும் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தார்கள். அவரும் தன் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் வைத்தார். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கோ ஒடுகத்தூரில் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

“தண்ணியே இல்லையே, அப்படியே ஓட்டக்கூடாதா?” என்றேன்.

அவர் என் ஷூவைப் பார்த்தார். “ஆறு வெளியூர் போயிருக்குது சார், ஐப்பசியில வந்துடும். அது இல்லாத நேரம் பாத்து அது வூட்டுக்குள்ள ஷூவோட போவீங்களா?”

ஜீப்பின் டயரைப் பற்றிக் கேட்க நினைத்தேன். மீசையைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றிவிட்டேன். பஸ்ஸும் போய்விட்டது.

போன வாரம் பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே வெறும் மணல். பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்தியபோதுதான் என் காலைக் கவனித்தேன். வெறுங்கால். கழற்றிய ஷூ சீட்டுக்கடியில் இருந்தது.