நான்கு மாதம் முன்னால் வந்த பிறந்தநாள்

ஆபீஸில் யாரோ ஊதியணைத்த கேக் மெழுகுவர்த்தியின் புகை மூக்கில் ஏறியதும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் கராமா ஃப்ளாட் திரும்பி வந்தது. அரசியல் கூட்டம் கூடவே கூடாத இந்த வளைகுடா ஊரில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த கம்யூனிஸ்ட் தலைவரைப் பார்க்க, நான்கு மாதம் கழித்து வரவேண்டிய என் பிறந்தநாளைச் சாக்காக வைத்து, பத்துப் பேர் ஏசி இரைச்சலுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்த மாலை.

காலிங்பெல் அடித்தது.

"யாரும் தோழர்னு கூப்பிட்டுடாதீங்க," என்று அப்பா அவசரமாக மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார். மைதானங்களை அதிரவைத்த தலைவரின் குரல்தான் முதலில் 'ஹேப்பி பர்த்டே' பாடியது.

லிஃப்ட் ஓடாது என்று சொல்ல வந்த வாட்ச்மேன், கேக் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எத்தனையோ முறை சிறைக்குச் சிரித்துக்கொண்டே போனவராம் அந்தத் தலைவர். கத்தி பிடித்த என் கைமேல் இருந்த அவர் கை, அப்பாவின் விசா பறிபோய்விடுமோ என்று, கதவு சாத்திய பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது.