பத்தாவது வரி

எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு இன்சார்ஜ் ஆக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பதினாறு வருடமாக டீ-ஷர்ட்டுகளை விளக்கடியில் விரித்து ஓட்டையும் கறையும் பார்த்த கண் என்னுடையது. ஆனால், "சரக்கு வாங்கற பையர் ஆபீஸ்ல இருந்து வர்றவங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசோணுமுங்கக்கா" என்று சொல்லியே மேனேஜர் அந்த நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார். வெளியிலிருந்து ஆள் எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், பேக்கரி மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இன்ன நேரத்துக்குள் இன்னது செய்யப்பட்டிருக்கும் என்று இங்கிலீஷில் சொல்ல, 'வில் ஹேவ் பீன்' என்று மூன்று சொற்கள் வரிசையாக நிற்க வேண்டுமாம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. மற்றவர்கள் மாம்பழம் தின்னப்பட்டிருக்கும், கடிதம் எழுதப்பட்டிருக்கும் என்று எழுதினார்கள். எனக்குக் கம்பெனியை நினைத்ததும்தான் கை ஓடியது.

பத்து வாக்கியம் வீட்டுப்பாடம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் காலர்கள் தைக்கப்பட்டிருக்கும். தொங்கும் நூல்கள் வெட்டப்பட்டிருக்கும். எண்ணெய்க் கறைகள் நீக்கப்பட்டிருக்கும். கையிலிருந்த ஆர்டரைப் பெட்டியில் அடுக்குவது வரை ஒன்பது வரி வந்தது. பத்தாவதுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், 'வெள்ளிக்கிழமைக்குள் நான் செக்கிங் இன்சார்ஜ் ஆக்கப்பட்டிருப்பேன்' என்று எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனது என் புத்திதான். திரும்பி வந்தால் மேனேஜர் முகமெல்லாம் பல்லாக நிற்கிறார்.

"ஏனுங்கக்கா, இத்தன அழகா பிளான் போட்டு வெச்சிருக்கீங்க, சொல்லவே இல்லீங்களே?"

"அது வீட்டுப்பாடமுங்க."

"போட்டோ புடிச்சு பையருக்கு அனுப்பிட்டனுங்க. சனிக்கெழம காத்தால அவங்க ஆபீஸ் மேடம் செக் பண்ண வர்றாங்களாமா."

மனுஷன் மேலே நாலு வரியோடு படிப்பதை நிறுத்தியிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. போட்டோவில் கடைசி வரி விழுந்திருக்கக் கூடாது என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் முடிய வேண்டிய வேலையை இந்த வாரமே முடித்தாக வேண்டும். நான் கத்திய கத்தலில் மிஷின் சத்தம் கேட்கவில்லை என்றார்கள். "எழுதறது நீங்க, வெட்டறது நாங்களாக்கா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி, கையில் நூல் வெட்டும் கத்தரியோடு. ஆனாலும் ஒருத்தியும் கையை ஓய விடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை வந்த மேடம் நோட்டையே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வரிக்கும் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார், இங்கிலீஷில் ஏதாவது கேட்பார், நான் பதில் சொன்னதும் டிக் போடுவார். முதல் பதிலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. நாலாவதிலிருந்து மேனேஜர் குறுக்கே பேசுவதை நிறுத்திவிட்டார். ஒன்பது டிக் விழுந்தது.

மேடம் பத்தாவதைப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை மேனேஜர் பக்கம் திருப்பி, இது முடிந்துவிட்டதா என்று இங்கிலீஷில் கேட்டார். மேனேஜர் அப்போதுதான் அதைப் படித்தார். பின்னால் கத்தரிச் சத்தங்கள் எல்லாம் நின்றுபோயின. பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

அவர் ஒன்பது டிக்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எஸ் மேடம்," என்றார். "டன்."

பத்தாவது டிக்கும் விழுந்தது. மேடம் தன் ரிப்போர்ட்டை எடுத்து, இன்சார்ஜ் கையெழுத்துப் போடும் கட்டத்தில் விரல் வைத்து என்னிடம் நீட்டினார். வருகைப் பதிவில் இத்தனை வருடமும் இரண்டெழுத்துக் கிறுக்கல்தான் போட்டிருக்கிறேன். அங்கே முழுப்பெயரையும் எழுதினேன். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.